தரை தொடும் இடம்

திண்டுக்கல்,
14.6.1999

அன்புத் தங்கை வினோலியாவுக்கு,

அண்ணன் ஞானதாஸ் எழுதுவது. இங்கே அம்மா, உன் மதினி ரோஸ்மேரி, நான் மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நேற்று அந்தோணியார் திருவிழா. அம்மா சப்பரத்துக்குப் பின்னால் முழுச் சுற்றும் நடந்தார்கள். வேண்டாம் என்றதற்கு, "நீ நடக்கலைங்கிறதுக்காக நானும் ஒக்காரணுமா" என்று கேட்டார்கள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஹூஸ்டனில் வெயில் நம் ஊரைப் போலத்தான் என்று சொன்னாய். இளநீர் கிடைக்காது, பார்த்துக்கொள்.

ஒரு காரியமாகத்தான் இந்தக் கடிதம். இருபத்தெட்டு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். என் தங்கை என்ன வேலை செய்கிறாள் என்று நாலு வரி எழுதச் சொன்னால் என்னால் முடியவில்லை. முந்தாநாள் பேகம்பூரில் சாகுல் ஹமீது கடையில் டீ குடிக்கும்போது அவர் கேட்டார். "கடலுக்குள்ள எண்ணெய்க் கொழாய் போடுறா பாய்" என்றேன். "யாரு போடுறது, நம்ம பாப்பாவா? முங்கியா போடுது?" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால், அம்மா அதற்கு மேல்: "ஏலே, அவளுக்குக் கொளத்துலயே நீச்சல் தெரியாது. கடலுக்குள்ள என்ன செய்றா?"

போனில் கேட்கலாம் என்றால் அம்மாவே பேசி முடித்துவிடுகிறார்கள். ஆகவே கடிதத்தில் எழுது. எனக்காக எழுத வேண்டாம். பேப்பர் வாங்கிப் படிக்கிற ஒருவருக்கு எழுதுவது போல எழுது. எங்கே, எவ்வளவு ஆழம், எதற்காக, எது கஷ்டம். தெரியாத சொல் வந்தால் அங்கேயே விளக்கு.

மூவரின் ஆசீரும் உனக்கு உண்டு.

அண்ணன்
ஞானதாஸ்


ஹூஸ்டன்,
4.7.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். இன்று இங்கே விடுமுறை நாள். காலையில் பூசைக்குப் போய்வந்து ரசம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மதினியின் முழங்கால் வலி தேவலையா?

முதலில் அம்மாவுக்கு: நான் தண்ணீரைத் தொடுவதே இல்லை. பதினோராவது மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறேன். நான் வேலை பார்க்கும் கடல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால். அதை நேரில் பார்த்ததில்லை.

அங்கே ஆழம் ஆயிரத்து இருநூறு மீட்டர். நம் கோட்டை மலையைப் போலப் பதினான்கு மலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் தலை மட்டும் வெளியே தெரியலாம். அவ்வளவு ஆழத்தில் கால் ஊன்றி மேடை கட்ட முடியாது. அதனால் ஒரு பெரிய கப்பலைக் கொண்டுபோய் நான்கு பக்கமும் சங்கிலி போட்டு நிறுத்துவார்கள். அது எங்கும் போகாது. இருபது வருடம் அங்கேயே மிதந்து, கடலுக்கு அடியிலிருந்து வரும் எண்ணெயைப் பிரித்துச் சேர்த்து வைக்கும்.

கடல் தரைக்கும் கப்பலுக்கும் நடுவே எண்ணெய் ஏறி வருகிற இரும்புக் குழாய்தான் ரைசர். அதை வடிவமைப்பது என் வேலை. பத்து அங்குலக் குழாய், ஒரு அங்குலக் கனம். ஒரு துண்டை நாலு ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான அடி நீளமாகத் தொங்கும்போது அதே இரும்பு கொடிக்கயிறு போல வளைகிறது. ஒரு முனை கப்பலின் விலாவில். அங்கிருந்து இறங்கி, வளைந்து, கடல் தரையில் படுத்து, எண்ணெய்க் கிணற்றை நோக்கிப் போகிறது. முதலில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அசையும் மூட்டு இல்லை, கீல் இல்லை, வெறும் வளைவு.

கஷ்டம் எது என்று கேட்டீர்கள். குழாய் படுக்க ஆரம்பிக்கும் இடம். அதைத் தரை தொடும் இடம் என்போம். அலையில் கப்பல் ஏறினால் அங்கே கொஞ்சம் குழாய் தரையை விட்டு எழும்பும். இறங்கினால் மறுபடி படுக்கும். குடைக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியுமே, அதுதான். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை, இருபது வருடம். துண்டு துண்டாகப் பற்றவைத்த இடங்களில் முதலில் விரிசல் விழும்.

இருபது வருடத்துக்குப் போடும் குழாய் கணக்கில் இருநூறு வருடம் தாங்க வேண்டும் என்பது விதி. கப்பல் மேல் இருக்கும் குழாய்க்கு இத்தனை மடங்கு கேட்க மாட்டார்கள். அதை ஒருவர் போய்ப் பார்க்கலாம், தட்டலாம், மாற்றலாம். போய்ப் பார்க்க முடியாத இடத்துக்குத்தான் பத்து மடங்கு.

இன்னொன்று. நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயரை என் பெயரோடு சேர்த்து எழுதினேன். இவர்கள் அதைக் குடும்பப் பெயர் ஆக்கிவிட்டார்கள். ஆபீஸில் என்னை எல்லோரும் "மரியசூசை" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வரைபடங்களிலும் அதே பெயர். திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

மதினிக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

தங்கை
வினோலியா


திண்டுக்கல்,
2.8.1999

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். மதினி நடக்கிறாள், மாடிப்படிதான் இன்னும் ஆகவில்லை.

கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மரியசூசை என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டுச் செத்த நேரம் சிரித்தார்கள். "செத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சு, இந்த மனுசன் அமெரிக்காவுல வேலை பாக்குறாரா. சம்பளத்தை யார்ட்ட குடுக்குறாருன்னு கேளு" என்றார்கள். பிறகு கடிதத்தை வாங்கி, அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார்கள்.

சாகுல் ஹமீதுக்கும் சொன்னேன். பதினான்கு கோட்டை மலை என்றதும் கிளாஸைக் கீழே வைத்தார். "இருபது வருசத்துக்கு எரநூறு வருசக் கணக்கா சார்? நம்ம ஊர்ல போட்ட ரோடு ரெண்டு மழைக்குத் தாங்கல" என்றார். இரண்டாவது டீயைக் காசு வாங்காமல் தந்தார். அது உனக்கான டீ.

என் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். இப்போது கொடைக்கானலில் நல்ல மழை. கீழே சமவெளியில் ஒரு பொட்டு இல்லை. நம் மாவட்டத்தில் எட்டு ஊரில் மழை அளக்கிறார்கள். போன வாரம் ஒரு நாள் கொடைக்கானலில் 96 மில்லிமீட்டர், நத்தத்தில் 4, மற்ற ஆறு ஊரிலும் பூஜ்யம். கூட்டி எட்டால் வகுத்துச் சராசரி 12.5 என்று எப்போதும் போல அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் "திண்டுக்கல் மாவட்டத்தில் பரவலாக மழை" என்று வந்தது.

பழனி பக்கம் நெய்க்காரப்பட்டியிலிருந்து கருப்புசாமி என்ற விவசாயி பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார். கையில் அந்தப் பேப்பர். சண்டை போடவில்லை. மரியாதையாக உட்கார்ந்து, "ஏனுங்க, பேப்பர்ல பேஞ்ச மழை எங்க காட்டுக்கு எப்பங்க வரும்? தேதி சொன்னீங்கன்னா ஏர் கட்டி வெக்கிறனுங்க" என்றார். நான் எழுதியதில் ஓர் எண்கூடப் பிழை இல்லை. ஆனால் 12.5 மில்லிமீட்டர் மழை மாவட்டத்தில் எந்த ஊரிலும் பெய்யவில்லை.

எட்டு ஊரையும் தனித்தனியாகப் போடலாமா என்று, செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் மதுரை டெஸ்க்கில் கேட்டேன். "எட்டு ஊர் பேரையும் போட்டா சினிமா விளம்பரத்தை எங்க அண்ணாச்சி போடுறது?" என்று கேட்டார்கள். விடுவதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஞானதாஸ்


ஹூஸ்டன்,
5.8.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் குறைவில்லை, தூக்கம்தான் கொஞ்சம் கம்மி.

கணக்கில் ஒன்று இடித்தது. அந்தக் கடலில் இரண்டு விதமான அலைகள். ஒன்று அந்த இடத்துக் காற்று எழுப்புவது. குட்டையான அலை, ஆறேழு விநாடிக்கு ஒன்று. மற்றது எங்கோ தெற்கே, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி அடித்த புயலில் பிறந்து வருவது. உயரம் அதிகம் இல்லை. பார்த்தால் கடல் சாதுவாகத் தெரியும். ஆனால் பதினைந்து விநாடிக்கு ஒன்று, நீளமான அலை, வருடம் முழுக்க. எங்களுக்குத் தந்த அளவுகளில் இரண்டையும் கலந்து ஒன்பது விநாடி அலை என்று ஒரே அலையாகப் போட்டிருந்தார்கள். ஒன்பது விநாடி அலைக்கு முந்நூறு மீட்டர் கப்பல் அசைந்தே கொடுக்காது. குழாய்க்கு 260 வருடம் ஆயுள் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டையும் பிரித்துப் போட்டேன். பதினைந்து விநாடி அலையின் நீளமும் கப்பலின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. பிள்ளைகள் இரண்டு முனையிலும் உட்கார்ந்து ஏறி இறங்கும் ஏற்றப் பலகை போலக் கப்பல் முன்னும் பின்னும் ஆடுகிறது. குழாய் தொங்குவது மூக்குப் பக்கம், அதிகம் ஆடும் இடத்தில். தரை தொடும் இடத்தில் ஆயுள் எழுபது வருடம்.

குழாய் தொங்கும் இடத்தைக் கப்பலின் இடுப்புக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும். ஏற்றப் பலகையின் நடு அசையாது. ஆனால் இடுப்பில் சரக்குப் படகு வந்து நிற்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாற்றினால் தளத்தின் மேல் பாதி வரைபடங்களை மறுபடி போட வேண்டும். டிசம்பரில் கப்பல் கட்டும் தளத்தில் தகடு வெட்டத் தொடங்குகிறார்கள். வெட்டிவிட்டால் பிறகு பேச்சில்லை.

குழாய் தாங்கும் என்று சொல்லும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு அலையையும் பிரிக்காமல் போட முடியாது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "எழுபது என்பது இருபதைப் போல மூன்றரை மடங்கு, போதாதா?" என்றார்.

அம்மாவைக் கவலைப்பட விடாதீர்கள். திருவிழாவில் எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள்.

தங்கை
வினோலியா


ஹூஸ்டன்,
29.8.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதமும் மழையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நலமே.

கருப்புசாமி எனக்கு இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் எத்தனையோ ராத்திரி மிஞ்சியிருக்கும். அவர் பஸ் ஏறிய அதே வாரம்தான் நான் அலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே சண்டை. கூட்டத்தில் அவர் கதையைச் சொன்னேன். நான்கு பேர் சிரித்தார்கள். அப்படியென்றால் எங்களுடைய ஒன்பது விநாடி அலை அந்தக் கடலில் எந்த நாளும் அடித்ததே இல்லையா என்று ஒருவர் கேட்டார். இல்லை என்றேன். மேலாளர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து என்னை அறைக்குக் கூப்பிட்டார். என் கிரீன் கார்டு மனுவில் கம்பெனிதான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைப் பேச்சோடு பேச்சாக நினைவுபடுத்தினார். குரலை உயர்த்தவில்லை. காபிகூடத் தந்தார்.

இந்த வேலை போனால் இந்த நாட்டில் நான் இருக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம்.

சாகுல் ஹமீது மாமாவுக்கு என் சலாம். டீக்கு நன்றி.

தங்கை
வினோலியா


திண்டுக்கல்,
26.9.1999

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை. படம் இத்துடன் இருக்கிறது. சப்பரத்துக்கு இடப்பக்கம் குடையோடு நிற்பது அம்மா.

நான் தாலுகா ஆபீஸையும் போலீஸ் ஸ்டேஷனையும் பார்த்து வளர்ந்தவன். ஒருவரைப் பார்த்து வியந்துபோய் எழுதிய பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். பார்த்தே இராத கடலில், வந்துபோகும் இரண்டு அலையைப் பதினோராவது மாடியில் உட்கார்ந்து நீ பிரித்திருக்கிறாய். எங்கோ அடித்து ஓய்ந்த புயல் எத்தனையோ நாள் கழித்து ஓர் இரும்புக் குழாயின் அடியைத் தூக்குகிறது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறாய். அந்தக் கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் யாருக்கும் உன்னைத் தெரியப் போவதில்லை.

உன் மேலாளர் காபி தந்ததை எழுதினாயே, அதிலிருந்து எனக்கு ஆள் புரிந்துவிட்டது. நம் ஊரில் இதற்கு முறுக்கும் சேர்த்துத் தருவார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார்கள். எதுவும் மறைக்கவில்லை. ஆகஸ்ட் 29 கடிதத்தின் கடைசிப் பகுதியை மட்டும் வாசிக்கவில்லை. "பேப்பர்ல இன்னும் நாலு வரி இருக்கே" என்றார்கள். கண் தெரியாது என்று யார் சொன்னது.

அடுத்து என்ன ஆனது, உடனே எழுது.

அண்ணன்
ஞானதாஸ்


ஹூஸ்டன்,
21.11.1999

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. கோயிலில் கிறிஸ்துமஸ் பாடல்களுக்குப் பயிற்சி நடக்கிறது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கடையில் கொய்யாப்பழம் பார்த்தேன், மெக்ஸிகோவிலிருந்து வருகிறதாம். ஆசையாக வாங்கினேன். ஆயக்குடிப் பழத்தின் வாசனை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மாள் புதிதாகக் குடிவந்திருக்கிறார். சாயங்காலம் அவரோடு நடக்கிறேன்.

வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். மதினிக்கு முழங்கால் தைலம்.

தங்கை
வினோலியா


திண்டுக்கல்,
13.12.1999

அன்புத் தங்கைக்கு,

சால்வை வந்தது. திண்டுக்கல் குளிருக்கு அது அதிகம்தான். ஆனாலும் அம்மா கழற்றவில்லை. மதினி தைலத்தைப் பாதி முடித்துவிட்டாள். நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் ஓர் எண்கூட இல்லை. ஜூலையில் எழுதியபோது குழாயின் கனம்கூட இருந்தது. ஆகஸ்டில் அலையின் விநாடி இருந்தது. இப்போது கொய்யாவும் பாட்டும் இருக்கின்றன. சாயங்காலம் நடக்கிறேன் என்கிறாய். இருட்டிய பிறகே வீட்டுக்கு வருவேன் என்று முன்பு அம்மாவிடம் போனில் சொன்னவள் நீ. கலெக்டர் ஆபீஸில் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் டீ வந்தால் செய்தி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கேட்கிறேன். கையெழுத்து என்ன ஆனது? தகடு வெட்டிவிட்டார்களா? நீ இப்போது எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாய்?

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு அம்மா ஒன்று சொன்னார்கள். "இதை அப்பிடியே எழுது" என்றும் சொன்னார்கள். அதை நான் எழுதப்போவதில்லை.

இங்கே ஒரு செய்தி. மழைப் பட்டியலுக்கு டெஸ்க் ஒத்துக்கொண்டது. எட்டு ஊரும் தனித்தனியாக, சின்ன எழுத்தில், நாலாம் பக்கத்தில், தங்க விலைக்குக் கீழே. முதல் நாள் பேப்பரை நானே நெய்க்காரப்பட்டிக்குக் கொண்டுபோனேன். கருப்புசாமி பார்த்துவிட்டு, "பழனி பூஜ்யம்னு போட்டிருக்குதுங்க. நெசந்தானுங்க" என்றார். இல்லாத மழையை இல்லை என்று போட்டதற்கு ஒரு மனிதர் அவ்வளவு திருப்தியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அண்ணன்
ஞானதாஸ்


திண்டுக்கல்,
6.2.2000

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். உன்னைப் பற்றித் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று போனில் அம்மாவோடு பேசினாய். எனக்குக் கொடுப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது என்று மறுநாள் மதினியிடம் சொன்னாயாம். நான் வாங்கிக் காதில் வைத்தேன். லைன் கட்டாகவில்லை. நீ வைத்தாய். பரவாயில்லை.

கேட்ட கேள்விகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுபது என்று கணக்கு வந்தபோது எழுபது என்று சொன்னவள் நீ. அதற்கு மேல் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் எழுது.

அண்ணன்
ஞானதாஸ்


ஹூஸ்டன்,
27.2.2000

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன். இன்று மூன்று இட்லி. உடம்பு நன்றாக இருக்கிறது. இப்போது எல்லாம் எழுதலாம்.

அக்டோபர் 11ஆம் தேதி என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கக் குறிப்பு எழுதி, என் கணக்கைச் சேர்த்து வைத்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று கொடுத்திருந்தேன். ஐந்தாவது மாடியில் பழைய அறிக்கைகளைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலை தந்தார்கள். ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கிரீன் கார்டு மனு அப்படியே நின்றது. ஜனவரியோடு வேலையே இருக்காது என்று காதில் விழுந்தது.

என் இடத்துக்கு நார்வேயிலிருந்து ஹென்ரிக் என்பவரை வரவழைத்தார்கள். என் கணக்கு தப்பு என்று காட்டுவது அவர் வேலை. அதை மறைக்காமல் என்னிடமே வந்து சொன்னார். என் குறிப்பைத் திறக்காமல், அலை அளந்த மூலப் பதிவை வாங்கி, தானே முதலிலிருந்து போட்டார். ஆறு வாரம் ஆனது. லிஃப்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். நவம்பர் கடைசியில் ஒரு நாள் ஐந்தாவது மாடிக்கு வந்து என் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தார். "உனக்கு எழுபது. எனக்கு அறுபத்தாறு" என்றார். "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். "எனக்கும் நாளையிலிருந்து பெட்டி அடுக்கத் தெரியும்" என்றார்.

அவரும் கையெழுத்துப் போடவில்லை. ஒருவர் போடாவிட்டால் ஆளை மாற்றலாம். இரண்டாமவரும் போடாவிட்டால், எங்களுக்கு இந்த வேலையைத் தந்த எண்ணெய்க் கம்பெனி ஏன் என்று கேட்கும். கேட்டார்கள். குழாய் தொங்கும் பகுதித் தகடுகளை மட்டும் வெட்டாமல் நிறுத்தினார்கள். ஒரு தொட்டியில் சின்னக் கப்பல் செய்து, இரண்டு அலையையும் விட்டுப் பார்த்தார்கள். அது ஏற்றப் பலகை போலவே ஆடியது. போன வாரம் முடிவாகிவிட்டது. குழாய்கள் கப்பலின் இடுப்பிலிருந்து தொங்கும். இப்போது தரை தொடும் இடத்தில் ஆயுள் 310 வருடம். சரக்குப் படகு வேறு இடத்தில் நிற்கும். என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஹென்ரிக் கூடவே இருக்க வேண்டும் என்று கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். கிரீன் கார்டு மனு நகர்ந்துவிட்டது. மேலாளர் மறுபடி காபி தந்தார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். ஐந்தாவது மாடியில் இருந்தபோது ஒவ்வொரு நாளும் ஊருக்கு வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. உண்மையை எழுதினால் நீங்கள் "வா" என்று எழுதுவீர்கள். எழுதியிருந்தால் டிக்கெட் எடுத்திருப்பேன். அம்மா சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும். அதை எழுதாமல் விட்டீர்களே, அந்தக் கடிதத்தைத்தான் பெட்டிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன்.

இனி இரண்டு வருடம் கப்பல் கட்டும் தளத்துக்கும் இங்கேயும் அலைய வேண்டும். உடனே வர முடியாது. அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்கை
வினோலியா


ஹூஸ்டன்,
7.11.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். இப்போதெல்லாம் ஈமெயில்தான் என்றாலும், இது அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டியது என்பதால் கையால் எழுதுகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

போன மாதம் அந்தக் கப்பலுக்குப் போனேன். ஹெலிகாப்டரில் ஒன்றரை மணி நேரம். அந்தக் கடலை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சாதுவாக இருந்தது. காற்றே இல்லை. மூக்குப் பக்கம் போய் நின்றேன். கண்ணுக்கு அலை தெரியவில்லை, ஆனால் கால் மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து விநாடி.

பிறகு இடுப்புக்கு நடந்து வந்தேன். அங்கே விலாவிலிருந்து குழாய்கள் வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கொஞ்ச தூரம் நீலத்தில் தெரிகின்றன, அப்புறம் இல்லை. கைப்பிடிச் சுவரில் டீக் கோப்பையை வைத்துவிட்டு நின்றேன். டீ விளிம்பு வரைக்கும் இருந்தது. ஆறிப்போகும் வரை ஒரு சொட்டு சிந்தவில்லை.

தரை தொடும் இடத்தை நான் பார்க்கவில்லை. யாரும் பார்க்கப்போவதும் இல்லை. கேரளத்துப் பையன் ஒருவன் அங்கே வால்வு பார்க்கிறான். "சேச்சி, இது அசையுமா?" என்று கீழே காட்டிக் கேட்டான். அசையும், அசைய வேண்டிய அளவு அசையும் என்றேன். சரி என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

கட்டுப்பாட்டு அறைச் சுவரில் எங்கள் வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். கீழே வலது மூலையில், வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் மரியசூசை என்று இருக்கிறது. அதைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். டிசம்பர் 20 காலை மதுரை. ஒரு மாதம் இருப்பேன்.

தங்கை
வினோலியா


திண்டுக்கல்,
25.11.2004

அன்புத் தங்கைக்கு,

இங்கே சுகத்துக்கு மேலே ஏதாவது சொல் இருந்தால் அதைப் போட்டுக்கொள். நல்ல மழை. எட்டு ஊர்ப் பட்டியலில் நேற்று ஓர் ஊருக்கும் பூஜ்யம் இல்லை. கருப்புசாமி விதைத்துவிட்டார். 20ஆம் தேதி மதுரைக்கு நானும் மதினியும் வாடகைக் கார் எடுத்து வருகிறோம். அம்மாவும் வருவேன் என்கிறார்கள். வேண்டாம் என்று நீயே போனில் சொல்லிப் பார்.

ஒரு பாக்கியைத் தீர்க்க வேண்டும். 1999 டிசம்பரில் அம்மா சொன்னதை நான் எழுதாமல் விட்டேன். என்ன என்று தெரியும் என்றாய். உனக்குத் தெரியாது. "வந்துரு" என்று அம்மா சொல்லவில்லை. கொய்யாப்பழக் கடிதத்தை நான் மடித்ததும் சொன்னது இது: "அவளுக்கு அங்கன ஏதோ நெருக்கடி. எழுதுறா பாரு, ஒண்ணுமில்லாத மாதிரி. அவ போடுற கையெழுத்துல இருக்கிறது உங்கப்பா பேரு. எவன் அதட்டுனாலும் போட வேண்டாம்னு எழுது. வேலை போனா சோறு இங்கன இருக்கு." நான் அதை அனுப்பவில்லை. அனுப்பினால் அம்மா சொன்னதால் செய்தாய் என்று ஆகிவிடும். கணக்குப் போட்டவள் நீ. முடிவும் உன்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது உன்னுடையதாகத்தான் இருந்தது.

நேற்று நீ அனுப்பிய படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்கள். ஆங்கில எழுத்து தெரியாது. பழைய நினைவில், அந்தப் பெயர் எங்கே என்று என் விரலைப் பிடித்து வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அந்தக் குழாய் தாங்குமா என்று கேட்டார்கள். முந்நூற்றுப் பத்து வருடம் என்றேன்.

பிறகு ரோஸ்மேரியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்கள். "வீட்டுக் கொழாய் ஒழுகுனப்ப துணியச் சுத்தி வெச்சுட்டுக் கோயிலுக்குப் போன மனுசன்டி இவரு. இப்பப் பாரு, ஒரு சொட்டு சிந்தலையாம்."

அண்ணன்
ஞானதாஸ்